அருணாசலப் பிரதேசம்: கொழும்பில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

2018 இல் ஒரு தடவை தவாங் பக்கம் போனேன். 2023 இல் மறுபடியும் போய் சீரோவையும் கிழக்கு மூலையையும் பார்த்து வந்தேன். அந்தப் படங்களை வாட்ஸ்அப்பில் போட்ட நாளிலிருந்து கல்யாண வீட்டிலும், 155 பஸ்ஸிலும், புறக்கோட்டையில் என் கடைக்கு வருகிறவர்களிடமும் இதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி, ஒரு இடத்தில் எழுதி வைத்தால் என்ன என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

அருணாசலம் என்றா திருவண்ணாமலைதானே? கிரிவலம் போனீங்களா?

இல்லை. பெயர் ஒன்றுதான், இடம் வேறு. திருவண்ணாமலைக்கு அருணாசலம் என்ற பெயர் இருப்பதால் நம்ம ஆட்கள் பத்துப் பேரில் ஆறு பேர் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள். நான் சொல்வது இந்தியாவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் மாநிலம். மேற்கே பூட்டான், வடக்கே திபெத், கிழக்கே மியன்மார். அருணம் என்றால் விடியற்காலைச் சிவப்பு, அசலம் என்றால் மலை. இந்தியாவில் சூரியன் முதலில் எட்டிப் பார்க்கும் மலைகள் அங்கே இருப்பதால் அந்தப் பெயர்.

பெயர் புதியது. முன்பு அது வடகிழக்கு எல்லைப்புற முகமை, சுருக்கமாக நேஃபா. 1972 இல் யூனியன் பிரதேசமானபோது அருணாசலப் பிரதேசம் என்று பெயர் வைத்தார்கள், 1987 பெப்ரவரி 20 ஆம் திகதி தனி மாநிலமாக்கினார்கள். தலைநகர் இட்டாநகர்.

நம்ம நாட்டை விடச் சின்னதா பெரிசா?

பெரிது. இலங்கை 65,610 சதுர கிலோமீற்றர், அருணாசலம் 83,743. ஆனால் 2011 கணக்கெடுப்பின்படி அங்கே இருந்தவர்கள் 13.8 லட்சம் பேர்தான். கொழும்பு மாவட்டத்தில் மட்டுமே அதற்கு அடுத்த வருடக் கணக்கில் 23 லட்சம் பேர். முழு இலங்கையையும் விடப் பெரிய ஒரு மலைநாட்டில் நம்ம மாவட்டத்தை விடக் குறைவான சனம். இதை மனதில் வைத்துக்கொண்டால் அந்த இடத்தின் அமைதியும், ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்த பள்ளத்தாக்குக்கு ஏன் பாஷையே மாறுகிறது என்பதும் விளங்கும்.

சிறிலங்கா பாஸ்போர்ட்டோட போகேலுமோ? விசா மட்டும் காணுமோ?

போகலாம். ஆனால் இந்திய விசா மட்டும் போதாது. அது பாதுகாக்கப்பட்ட பகுதி என்பதால் வெளிநாட்டவர் தனி அனுமதிப் பத்திரம் எடுக்க வேண்டும். அங்கே பதிவு பெற்ற பயண ஏஜென்ட் ஒருவர் மூலம்தான் அதை எடுப்பது வழக்கம், குழுவாகத்தான் கொடுப்பார்கள், எந்தெந்த இடங்களுக்குப் போகிறீர்கள் என்பதும் அதிலேயே எழுதப்பட்டிருக்கும். விதிகள் அவ்வப்போது மாறுவதால் டிக்கெட் போடுவதற்கு முன் ஏஜென்ட்டிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பத்திரத்தைப் பத்துப் பிரதியாவது எடுத்து வைத்திருங்கள், ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் ஒன்று கேட்பார்கள்.

இந்தியர்களும் அங்கே நினைத்தபடி போக முடியாது. 1873 இல் பிரிட்டிஷ்காரர் ஒரு ஒழுங்குவிதி கொண்டுவந்து மலையடிவாரத்தில் 'உட்கோடு' என்று ஒரு கோடு போட்டார்கள். அந்தக் கோட்டைத் தாண்ட சென்னைக்காரரானாலும் அனுமதி எடுக்க வேண்டும். தேயிலைத் தோட்டங்களையும் வியாபாரத்தையும் காக்கத்தான் அன்றைக்கு அதைப் போட்டார்கள். இன்று அதே கோடு தங்களைக் காக்கிறது என்று மலைமக்கள் நினைக்கிறார்கள். ஏன் என்று கடைசிப் பக்கம் ஒரு கேள்வியில் சொல்கிறேன்.

நேர பிளைட் இருக்கா?

கொழும்பிலிருந்து நேரடியாக இல்லை. சென்னை, டெல்லி அல்லது கொல்கத்தா போய், அங்கிருந்து அசாமில் உள்ள குவஹாத்திக்குப் பறந்து, அப்புறம் மலை ஏற வேண்டும். தவாங் போவதானால் குவஹாத்தியிலிருந்து வாகனத்தில் இரண்டு நாள். சீரோவுக்கு நாகர்லாகுன் வரை ரயில் இருக்கிறது, மிச்சம் ரோட்டில். இட்டாநகர் பக்கத்தில் ஹொல்லோங்கி என்ற இடத்தில் 2022 நவம்பரில் விமான நிலையம் திறந்த பிறகு அந்தப் பக்கம் சுலபம். கிழக்கே நம்சாய் போக அசாமின் திப்ருகரில் இறங்குவது நல்லது.

மலைக்குள் எல்லாரும் போவது டாட்டா சூமோவில், பங்கு போட்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை போகாதீர்கள். ரோட்டில் மண் சரிந்தால் ஒரு நாள் என்ன, மூன்று நாளும் அங்கேயே நிற்க வேண்டி வரும்.

குளிர் நுவரெலியா மாதிரித்தானே, ஒரு ஸ்வெட்டர் போதும்தானே?

போதாது. நுவரெலியா 1,868 மீற்றர். நம் நாட்டிலேயே உயரமான பிதுருதலாகல 2,524 மீற்றர். தவாங் போகும் வழியில் முதல் இரவு தங்கும் பொம்டிலா நகரமே கிட்டத்தட்ட அந்த உச்சி உயரத்தில் இருக்கிறது, அதில் கடைத்தெருவும் பள்ளிக்கூடமும் நடக்கிறது. அடுத்த நாள் ஏறும் சேலா கணவாய் ஏறக்குறைய 4,170 மீற்றர். 2018 இல் நான் போனபோது கணவாயின் மேலேதான் ஏற வேண்டியிருந்தது. இறங்கி ஏரியைப் பார்க்க இருபது அடி நடந்ததற்கே மூச்சு வாங்கியது, ஏரி ஓரத்தில் தண்ணீர் கண்ணாடி மாதிரி உறைந்து கிடந்தது. 2024 மார்ச்சில் அந்தக் கணவாய்க்குக் கீழே சுரங்கப்பாதை திறந்துவிட்டார்கள், பனி காலத்திலும் இப்போது தவாங் போகலாம்.

உயரத்துக்கு உடம்பு பழக வேண்டும், அதனால் முதல் நாளே தவாங்குக்கு ஓடாமல் வழியில் திராங்கில் ஒரு இரவு தங்குங்கள். சீரோ வேறு கதை. அது 1,500 மீற்றர் சொச்சம், பண்டாரவளையை விடக் கொஞ்சம் உயரம், அவ்வளவுதான்.

இன்னொன்று, மணிக்கூட்டை மாற்றத் தேவையில்லை, அவர்கள் நேரமும் நம் நேரமும் ஒன்று. ஆனால் அவர்கள் அவ்வளவு கிழக்கே இருப்பதால் டிசம்பரில் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். பயணத்தை அதிகாலையில் தொடங்கி மூன்று மணிக்கு முடித்துவிடுங்கள்.

எல்லாரும் ஒரே இனம்தானே? பார்க்கச் சைனாக்காரர் மாதிரித்தானே இருக்கிறாங்க.

இந்தக் கேள்விதான் எனக்கு மனவருத்தம் தருவது. நம்மை வெளிநாட்டில் ஒருவர் பார்த்து, தமிழர், சிங்களவர், முஸ்லிம், மலையாளி எல்லாம் ஒரே ஆட்கள்தானே என்றால் நமக்கு எப்படி இருக்கும்? அங்கே 26 பெரிய பழங்குடிகள், அதற்குள் நூற்றுக்கு மேற்பட்ட கிளைகள். தவாங்கில் மோன்பா, சீரோவில் அபதானி, அவர்களைச் சுற்றி நிஷி, சியாங் ஆற்றோரம் ஆதி, பக்கத்தில் காலோ, மேலே தாகின், திபாங் மலையில் இடு மிஷ்மி, கிழக்கே சிங்போவும் காம்தியும் தாங்சாவும், நாகாலாந்தை ஒட்டி நோக்தேயும் வாஞ்சோவும். வீடு கட்டும் விதம், நெசவு, தொப்பி, சாவு வீட்டுச் சடங்கு எல்லாமே வேறு வேறு.

தொப்பி ஒன்றையே பாருங்கள். மோன்பாக்கள் யாக் எருமையின் மயிரை அழுத்திச் செய்த கறுப்புத் தொப்பி போடுகிறார்கள், அதிலிருந்து ஐந்து குஞ்சங்கள் தொங்கும், மழைத்தண்ணீர் அதன் வழியாக முகத்தில் படாமல் வடிந்துவிடும். நிஷிகளுடையது பிரம்புத் தொப்பி, உச்சியில் இருவாட்சிப் பறவையின் அலகு. அந்தப் பறவை அருகி வருவதால் இப்போது பலர் ஃபைபரில் செய்த அலகு வைக்கிறார்கள். பக்கே காட்டில் முன்பு அதை வேட்டையாடிய ஊர்க்காரர்களே இன்று கூடுகளுக்குக் காவல் இருக்கிறார்கள்.

என்ன பாஷை? ஹிந்தி தெரியாம சமாளிக்கலாமா?

ஒவ்வொரு குழுவுக்கும் தன் பாஷை. ஒருவருக்கொருவர் பேச அவர்களே உருட்டி எடுத்த ஒரு ஹிந்தி, ஆண்பால் பெண்பால் விதிகளைப் பெரிதாகப் பார்க்காத ஹிந்தி, அதனால் அரைகுறை ஹிந்தி தெரிந்தவர்களுக்கு அங்கே பேசுவது லேசு. பள்ளிக்கூடம் ஆங்கிலத்தில் என்பதால் இளம் ஆட்களிடம் ஆங்கிலம் போதும்.

பல பாஷைகளுக்கு எழுத்து இல்லை, அதைப் பற்றிய கவலை அங்கே எல்லா வீட்டிலும் இருக்கிறது. வாஞ்சோ பாஷைக்கு பன்வாங் லோசு என்ற ஆசிரியர் தனியாக உட்கார்ந்து ஒரு எழுத்து முறையையே உருவாக்கினார், 2019 இல் அது யூனிகோடில் சேர்ந்தது. வெளி உலகம் அறியாத கோரோ என்ற ஒரு பாஷை கிழக்கு காமெங் பக்கம் பேசப்படுகிறது என்பதை மொழியியலாளர்கள் 2008 இல்தான் கவனித்தார்கள், பேசுகிறவர்கள் ஆயிரம் பேர் அளவுதான்.

அவங்களுக்கு என்ன சமயம்? எல்லாரும் பௌத்தமா?

மேற்கே மோன்பாக்கள் திபெத்திய பௌத்தர்கள். தவாங்கில் இருக்கும் மடம் 1680 வாக்கில் கட்டப்பட்டது, இந்தியாவிலேயே பெரியது. ஆறாவது தலாய் லாமா பிறந்தது அந்த ஊருக்குப் பக்கத்தில்தான், 1683 இல். இப்போதைய தலாய் லாமா 1959 மார்ச் கடைசியில் லாசாவிலிருந்து தப்பி வந்து இந்தியாவுக்குள் கால் வைத்ததும் அந்த வழியாகத்தான்.

கிழக்கே போனால் காம்திகள். அவர்கள் நம் நாட்டில் உள்ளது போலத் தேரவாதம். நம்சாயில் 2010 இல் திறந்த தங்கப் பகோடாவில் மஞ்சள் அங்கி போட்ட பிக்கு ஒருவரிடம் கொழும்பிலிருந்து வருகிறேன் என்றதும் அனுராதபுரத்து மகாபோதியைப் பற்றி அவ்வளவு ஆசையாக விசாரித்தார். ஏப்ரல் 14 ஐ ஒட்டி அவர்களுக்கும் புத்தாண்டு, பெயர் சாங்கென், புத்தர் சிலைகளை நீராட்டி ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றுவார்கள். நாம் மருத்துநீர் வைக்கும் அதே நாட்கள்.

நடுவில் இருக்கும் ஆதி, நிஷி, அபதானி, காலோ, தாகின் மக்களின் பழைய வழி தோன்யி போலோ. தோன்யி சூரியன், போலோ சந்திரன். சூரியன் தாய். சிலை இல்லை, எழுதிய நூல் இல்லை, பூசாரி பாடும் நீண்ட பாட்டுகளில்தான் எல்லாம் இருக்கிறது. பூசாரி செத்தால் பாட்டும் போய்விடுமே என்று 1980களில் தாலோம் ருக்போ என்ற ஆதி அறிஞர் அவற்றைத் திரட்டி, கூடி வணங்க மண்டபங்களும் அமைக்க வழி செய்தார். கிறிஸ்தவர்களும் நிறைய, 2011 கணக்கில் நூற்றுக்கு முப்பது பேர். ஒரே வீட்டில் தாய் தோன்யி போலோவும் மகன் தேவாலயமும் என்று இருப்பதைப் பார்த்தேன். அதைப் பற்றி அவர்களே வருத்தத்தோடும் சில நேரம் கோபத்தோடும் பேசுகிறார்கள், விருந்தாளியாகப் போன நாம் வாய் கொடுக்காமல் கேட்டுக்கொண்டிருப்பதே சரி.

வயலுக்குள்ள மீன் வளக்கிறாங்களாமே, உண்மையா?

உண்மை, சீரோவில் அபதானிகள். இதை விவரமாகச் சொல்ல எனக்கு ஆசை, ஏனென்றால் நான் அங்கே ஒரு முழுக் காலையும் ஒரு அம்மாவின் வயல் வரப்பில் உட்கார்ந்திருந்தேன்.

பள்ளத்தாக்கு ஒரு தட்டு மாதிரி, சுற்றிலும் பைன் மரம் மூடிய மலைகள், அடியில் ஊர்கள் நெருக்கமாக, அதற்கு நடுவே முழுக்க வயல். மலையிலிருந்து வரும் ஓடைத் தண்ணீரை வாய்க்கால் வெட்டி ஒவ்வொரு பாத்தியாக இறக்குகிறார்கள், ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததுக்குத் தண்ணீர் போக மூங்கில் குழாய். பாத்தியின் நடுவில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு சால் வெட்டியிருக்கும். நாற்று நட்ட பிறகு சின்ன மீன் குஞ்சுகளை விடுவார்கள், பெரும்பாலும் கெண்டை. வயலில் தண்ணீர் நிறைய இருக்கும்போது மீன் நெல்லுக்கிடையில் திரிந்து பூச்சியைத் தின்னும், தண்ணீரை வடிக்கும்போது தானாகவே அந்தச் சாலுக்குள் இறங்கிவிடும். வரப்பைக்கூடச் சும்மா விடுவதில்லை, அதில் கேழ்வரகு நிற்கும். உரமூட்டை எதையும் நான் அங்கே காணவில்லை, வைக்கோலும் வீட்டுக் கழிவும் சாணமும் மீன் எச்சமும்தான் உரம். மாடு பூட்டி உழுவதும் இல்லை, எல்லாம் மண்வெட்டி.

அந்த அம்மா குனிந்து, மூங்கில் குழாயின் வாயில் அடைத்திருந்த புல்லைக் கையால் எடுத்து, தண்ணீர் போகிறதா என்று விரலை வைத்துப் பார்த்து, மறுபடி பாதியை அடைத்தார். மீன் அடுத்த வீட்டு வயலுக்குப் போய்விடாமல் இருக்கக் குழாயில் ஒரு பிரம்பு வலை, தண்ணீர் மட்டும் போக இந்த அளவு. யாரும் எழுதி வைக்காத கணக்கு. சமதரை குறைவான இடத்தில் ஒரே நிலத்தில் நெல்லும் மீனும் கேழ்வரகும் எடுக்கும் இந்தப் பள்ளத்தாக்கை 2014 இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு மூங்கில் தோப்பு உண்டு, ஊருக்குப் பொதுக் காடும் உண்டு. எங்கே வெட்டலாம், எங்கே கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும்.

மூக்கில மரக்கட்டை போட்ட பொம்பிளைகள் இருப்பாங்களாமே, அவங்களோட போட்டோ எடுக்கணும்.

முந்தின பதிலில் சொன்ன அபதானிப் பெண்களில் வயதானவர்கள்தான் அவர்கள். இரண்டு மூக்குப் பக்கத்திலும் கறுத்த வட்டக் கட்டை, நெற்றியிலிருந்து மூக்கு நுனி வரை பச்சை குத்திய கோடு. பக்கத்துக் குழுக்காரர் பெண்களைத் தூக்கிப் போகாமல் இருக்க அழகைக் குறைக்கச் செய்தது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். பாட்டிமாரிடம் கேட்டால் வேறு பதிலும் வரும், அதுதான் எங்களுக்கு அழகு, அது இல்லாதவள் அபதானியே இல்லை என்று. 1970களின் தொடக்கத்தில் அவர்களுடைய இளைஞர்களே அதை நிறுத்த முடிவெடுத்தார்கள், படிக்கவும் வேலைக்கும் வெளியே போகிற பிள்ளைகள் கேலிக்கு ஆளாகக் கூடாது என்று. ஆகவே இந்தத் தலைமுறையோடு அது முடிகிறது.

போட்டோ பற்றிக் கேட்டால், கேட்டுவிட்டு எடுங்கள், முடியாது என்றால் கமராவை உள்ளே வையுங்கள். ஒரு பஸ் நிறைய வந்தவர்கள் ஒரு பாட்டியின் அடுப்படிக்குள் செருப்போடு ஏறிப் படம் எடுத்ததை என் கண்ணால் பார்த்தேன், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நம் பாட்டியின் குசினிக்குள் யாராவது அப்படி நுழைய விடுவோமா? நான் ஒரு படமும் எடுக்கவில்லை. தேத்தண்ணி குடித்து, பேத்தி மொழிபெயர்க்க ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

மிதுன் மிதுன் என்று சொல்றீங்களே, அது மாடா எருமையா?

மாட்டு இனம். காட்டெருமையின் தோள், அகன்ற நெற்றி, காலில் வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி. பால் கறப்பதில்லை, ஏரில் பூட்டுவதில்லை, கட்டுவதும் இல்லை. காட்டிலேயே திரியும், காதில் வெட்டிய அடையாளம் பார்த்து யாருடையது என்று தெரிந்துகொள்வார்கள், சொந்தக்காரர் உப்பு கொண்டுபோய்க் கூப்பிட்டால் வரும். பெண்ணுக்குக் கொடுக்கும் பரிசம் மிதுன், பஞ்சாயத்தில் அபராதம் மிதுன், பெரிய பூசையில் பலி மிதுன். நம் ஊரில் ஒருவருக்கு எத்தனை ஏக்கர் என்று கேட்கிற மாதிரி அங்கே எத்தனை மிதுன்.

நான் மரக்கறி மட்டும். என்ட கூட்டாளி ஹலால். ரெண்டு பேருக்கும் சாப்பாடு கிடைக்குமா?

இரண்டு பேருக்கும் சோறு, பருப்பு, கீரை, உருளைக்கிழங்கு, முட்டை எங்கேயும் கிடைக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். ஹலால் இறைச்சி மலைக்குள் அரிது. வீடுகளில் தங்கினால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பன்றிக் கொழுப்பு பல குழம்புகளில் சேரும்.

அவர்கள் சாப்பாட்டில் எண்ணெயும் மசாலாவும் கிட்டத்தட்ட இல்லை. அவித்த கீரை, புகையில் காய்ந்த இறைச்சி, புளித்த மூங்கில் குருத்து, நம் கொச்சிக்காயை விடப் பல மடங்கு உறைக்கும் ஒரு மிளகாய். தவாங் பக்கம் யாக் பாலில் செய்த சீஸ், உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீர். அரிசியில் ஊறவைத்த அபோங் என்ற மதுவை விருந்தாளிக்குக் கொடுப்பார்கள். குடிக்காதவர்கள் இரண்டு கையாலும் வாங்கி உதட்டில் வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் யாரும் குறை நினைப்பதில்லை.

தேயிலை அங்கயிருந்துதான் வந்ததாமே, சும்மா கதையா?

கதை இல்லை. இதற்காகத்தான் நான் இரண்டாவது தடவை போனேன். என் பாட்டி தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் நாற்பது வருடம் கொழுந்து எடுத்தவர்.

சிங்போ மக்கள் அசாமின் மேல் பகுதியிலும் அருணாசலத்தின் கிழக்கிலும் இருக்கிறார்கள். வெள்ளைக்காரர் வருவதற்கு முன்பே காட்டில் வளர்ந்த தேயிலையைப் பதப்படுத்திக் குடித்தவர்கள். 1823 இல் ராபர்ட் புரூஸ் என்ற ஸ்கொட்லாந்து வியாபாரிக்கு அந்தச் செடியைக் காட்டிக் கொடுத்தவர் பிசா காம் என்ற சிங்போ தலைவர். அப்புறம் நடந்தது உலகத்துக்கே தெரியும், அசாமில் தோட்டங்கள் வந்தன, சிங்போக்களின் நிலம் போனது. 1839 இல் அசாம் தேயிலை விதை பேராதனைத் தோட்டத்துக்கு வந்தது. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலைத் தோட்டம் போட்டார். கோப்பிக்காகத் தமிழ்நாட்டிலிருந்து நடத்திக் கூட்டி வரப்பட்ட நம் சனம், கோப்பி நோயில் அழிந்ததும் தேயிலைக்கு மாறியது.

சிங்போ வீட்டில் தேயிலையின் பெயர் பாலாப். அந்த வீட்டுக்காரர் அடுப்புக்கு மேலே தொங்கிய பரணிலிருந்து ஒரு மூங்கில் குழாயை இறக்கினார், புகை பிடித்துத் தார் பூசிய மாதிரிக் கறுத்திருந்தது. இலையைச் சட்டியில் வாட்டி, வெயிலில் காயவைத்து, மூங்கிலுக்குள் உலக்கையால் இறுக்கி இடித்து, பரணில் மாதக்கணக்கில் புகையில் விடுவார்களாம். கத்தியால் மூங்கிலைப் பிளந்தார், உள்ளே கட்டியாக ஒரு கறுத்த கம்பு, அதிலிருந்து விரல் நக அளவு சீவிக் கொதிக்கும் தண்ணீரில் போட்டார். சீனி இல்லை, பால் இல்லை. தேன் நிறத்தில் வந்தது, முதலில் புகை வாசம், அப்புறம் மெல்லிய இனிப்பு. என் பாட்டி எத்தனை லட்சம் கொழுந்து கிள்ளியிருப்பார், குடித்ததெல்லாம் தோட்டத்தில் கிடைத்த தூள். அந்தக் கறுத்த கட்டியில் ஒரு துண்டு வாங்கி வந்து அவருடைய படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன்.

தலை வெட்டுற ஆக்கள் என்று யூடியூபில போடுறாங்களே, பயமில்லையா?

வாஞ்சோ போன்ற சில குழுக்களில், ஊருக்கு ஊர் சண்டையில் எதிரியின் தலையைக் கொண்டுவரும் வழக்கம் இருந்தது. அது போன நூற்றாண்டின் நடுப்பகுதியோடு போய்விட்டது. முகத்தில் பச்சை குத்திய கிழவர்கள் சிலர் இருந்தால் அவர்களே அந்தக் காலத்தின் மிச்சம். 26 குழுக்களையும் அந்த ஒரு சொல்லால் கூப்பிட்டு வீடியோ போடுவது அநியாயம். எனக்கு அங்கே பயம் வந்தது ரோட்டைப் பார்த்து மட்டும்தான்.

காட்டில புலி இருக்காமே?

இருக்கிறது. நம்தாபா தேசிய பூங்கா மட்டும் 1,985 சதுர கிலோமீற்றர். திபாங் மலைகளில் 3,000 மீற்றருக்கு மேலே பனிக்குள்ளேயே புலி கமராவில் பதிவாகியிருக்கிறது. அங்கே இருக்கும் இடு மிஷ்மிகளுக்குப் புலி அண்ணன், ஒரே தாய் வயிற்றுப் பிள்ளை. புலியைக் கொல்ல நேர்ந்தால் மனிதர் செத்தது போலச் சடங்கு செய்ய வேண்டும், அதற்கு ஆகும் செலவு ஒரு குடும்பத்தைச் சாய்த்துவிடும். அதனால் கொல்வதில்லை.

சைனா அதைத் தன்ட இடம் என்று சொல்லுது. நீங்க போய் நடுவில மாட்டிக்கொண்டா?

1914 இல் சிம்லாவில் பிரிட்டிஷ் இந்தியாவும் திபெத்தும் ஒப்புக்கொண்ட மக்மகோன் எல்லைக் கோட்டைச் சீனா ஏற்கவில்லை, அந்த மாநிலத்தைத் தென் திபெத் என்றே சொல்கிறது. 1962 அக்டோபர் 20 முதல் ஒரு மாதம் போர் நடந்தது, தவாங் சீனர் கையில் விழுந்தது, அப்புறம் அவர்களாகவே பின்வாங்கினார்கள். 2022 டிசம்பரில்கூடத் தவாங்குக்கு மேலே இரண்டு படைகளும் கைகலந்தன.

கொழும்புக்காரருக்கு இதில் ஒரு பங்கு உண்டு, நம்மில் பலருக்கு மறந்துவிட்டது. அந்தப் போர் நின்ற உடனே, 1962 டிசம்பரில், பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க வேறு ஐந்து அணிசேரா நாடுகளைக் கொழும்புக்கு அழைத்து மாநாடு நடத்தினார். சமாதானத்துக்கு அவர்கள் எழுதிய யோசனைகளுக்கு இன்றும் கொழும்பு யோசனைகள் என்றுதான் பெயர். பீக்கிங்குக்கும் டெல்லிக்கும் அவரே போனார். தவாங்கில் போரைக் கண்ட ஒரு மோன்பா முதியவர் என்னிடம் கொழும்பா என்று கேட்டு, அந்தப் பெயரைத் தன் சின்ன வயதில் வானொலியில் கேட்டதாகச் சொன்னார்.

பயணிக்கு ஆபத்து இல்லை. வெளிநாட்டவரை எல்லைக் கணவாயான பும்லாவுக்கு விடமாட்டார்கள், கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். இராணுவ முகாம், பாலம் எதையும் படம் எடுக்காதீர்கள்.

வெளியாள் அங்க காணி வாங்க ஏலாதாம். அது நியாயமா?

வாங்க முடியாது. 13.8 லட்சம் பேர், பல குழுக்களில் சில ஆயிரம் பேர்தான். கீழே சமவெளியில் கோடிக்கணக்கானவர்கள். கதவைத் திறந்து விட்டால் ஒரு தலைமுறையில் தங்கள் ஊரிலேயே தாங்கள் சிறுபான்மை என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயம் எனக்கு விளங்குகிறது. மேலே சொன்ன உட்கோட்டை அவர்கள் விடாமல் பிடித்திருப்பது இதனால்தான்.

ஆனால் அதே கோட்டுக்குள் இன்னொரு சனமும் இருக்கிறது. கிழக்குப் பாகிஸ்தானில் கப்தாய் அணை கட்டியபோது ஒரு லட்சம் அளவு மக்கள் நிலம் இழந்தார்கள், பெரும்பாலும் சக்மா பௌத்தர்கள். 1964 முதல் அங்கிருந்து வந்த சக்மா, ஹாஜோங் மக்களில் சுமார் 15 ஆயிரம் பேரை இந்திய அரசு இன்றைய அருணாசலத்தில் குடியேற்றியது. குடியுரிமை கொடுக்கும்படி உச்ச நீதிமன்றம் 1996 இலும் 2015 இலும் சொன்ன பிறகும் விஷயம் முடியவில்லை.

அந்த 1964 ஐக் கேட்டதும் எனக்கு நெஞ்சில் குத்தியது. அதே வருடம் அக்டோபரில்தான் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், மலையகத் தமிழரான நம்மைக் கேட்காமலே 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தது. என் தாத்தாவின் தம்பி குடும்பம் தலைமன்னாரில் கப்பல் ஏறியது, தாத்தா இங்கே நின்றார், பல வருடம் எந்த நாட்டுக்காரரும் இல்லாமல். அதனால் ஒரு சக்மா பையன் தன் தாத்தாவின் பழைய அகதிப் பத்திரத்தை பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துக் காட்டியபோது அது என்ன என்று எனக்கு விளக்கத் தேவைப்படவில்லை. மலைமக்களின் பயமும் உண்மை, அந்தப் பையனின் பத்திரமும் உண்மை. அங்கேயே பிறந்து வளர்ந்தவனுக்கு நாடு இல்லை என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது.

அணை கட்டுறதை ஏன் எதிர்க்கிறாங்க? கரண்ட் வந்தா நல்லதுதானே.

திபெத்தில் யார்லுங் சாங்போ என்று ஓடும் ஆறு அருணாசலத்துக்குள் சியாங் ஆகி, அசாமில் திபாங், லோஹித் ஆறுகளோடு சேர்ந்து பிரம்மபுத்திரா ஆகிறது. ஆதிகளுக்கு அது ஆனே சியாங், சியாங் அம்மா. அதில் சுமார் 11,000 மெகாவாட்டுக்கு ஒரு பெரிய அணையை இந்தியா திட்டமிடுகிறது. நம் நாட்டின் மேல் கொத்மலை நீர்மின் நிலையம் 150 மெகாவாட், ஒப்பிட்டுப் பாருங்கள். ஆற்றோர ஊர்களும் வயல்களும் மூழ்கும் என்று ஆதிக் கிராமங்கள் மறியல் செய்கின்றன.

அரசு சொல்லும் காரணமும் லேசானது அல்ல. மேலே திபெத்தில் சீனா அதைவிடப் பல மடங்கு பெரிய அணையை 2025 ஜூலையில் தொடங்கிவிட்டது, அவர்கள் தண்ணீரை ஒரேயடியாகத் திறந்தால் தாங்க ஒரு அணை வேண்டும் என்கிறார்கள். 2000 ஜூனில் திபெத்தில் மண் சரிந்து தேங்கிய ஏரி உடைந்து சியாங்கில் வந்த வெள்ளத்தை அங்கே யாரும் மறக்கவில்லை. இருந்தாலும் கொத்மலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றும்போது மேலே தெரியும் பழைய கோயிலைப் பார்த்தவன் நான், என் மனம் ஆதிகள் பக்கம்தான்.

ஒரு கிழமைதான் லீவு. எங்க போறது?

ஒரு கிழமையில் தவாங் போகாதீர்கள், போக வரவே நாள் முடிந்துவிடும். சீரோ போங்கள், நான்கு இரவு ஒரே வீட்டில் தங்குங்கள். மார்ச்சில் போனால் மியோகோ திருவிழா, ஊருக்கு ஊர் விருந்து, முன்பின் தெரியாதவரையும் உள்ளே கூப்பிடுவார்கள். ஜூலை 5 இல் திரீ, நெற்பயிரைக் காக்கும் பூசை, ஆனால் மழை. செப்டம்பர் கடைசியில் வயல் மஞ்சளாகும், அதே மாதம் 2012 முதல் ஒரு இசை விழாவும் நடப்பதால் அறைகள் நிரம்பிவிடும். தேயிலைக்காகப் போவதானால் திப்ருகர் வழியாக நம்சாய், நவம்பரில்.

பணத்தைக் கையில் கொண்டுபோங்கள், மலைக்குள் நம் வங்கி அட்டை பல இடங்களில் வேலை செய்யாது. வீட்டுக்காரருக்குக் கொடுக்க இங்கிருந்து ஒரு பக்கெட் நல்ல தேயிலை வாங்கிப் போங்கள். நான் கொண்டுபோன டிம்புளைத் தேயிலையை அந்தச் சிங்போ வீட்டுக்காரர் உள்ளங்கையில் கொட்டி, மோந்து பார்த்து, மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார், பிறகு பரணில் கறுத்த மூங்கில்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.